சம்மன் வந்ததும் ஏழையானவர்கள்

நம் நாட்டில் ஒருவன் ஏழையாவதற்குப் பல வழிகள் உண்டு. மழை பொய்க்கலாம். சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போகலாம். பிள்ளையைத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கலாம். ஆனால் ஒரே ராத்திரியில், போட்டிருக்கிற சட்டை கசங்காமல் ஏழையாக வேண்டுமானால் குடும்பநல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வர வேண்டும்.

நேற்றுவரை மாதம் ஒன்றரை லட்சம் வாங்கிய ஐ.டி. மேலாளர், "உடல்நிலை காரணமாக வேலையை ராஜினாமா செய்துவிட்டேன், நண்பர்கள் தயவில் காலம் தள்ளுகிறேன்" என்று எதிருரை தாக்கல் செய்கிறார். ஜவுளிக்கடை முதலாளி தன் கடையிலேயே, தம்பிக்குக் கீழே, கணக்கெழுதும் சிப்பந்தி ஆகிவிடுகிறார், சம்பளம் 12,000. கார் அக்கா வீட்டுக்காரருடையது. வீடு அம்மாவுடையது. கையில் இருக்கும் ஐபோன் ஆபீஸில் கொடுத்தது. ராஜினாமா செய்த ஆபீஸ் எப்படிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள். ஏழையிடம் குறுக்குக் கேள்வி கேட்பது பாவம்.

இந்த வறுமைக்கு அரசாங்கமும் தன்னால் ஆன மானியம் தருகிறது. வீட்டை வெளியாளுக்கு விற்றால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. அதையே பெற்ற தாய்க்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் ஒரு விழுக்காடு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. மனைவி வக்கீலைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிவிடுகிறார். பத்திரத்தில் "தங்கள்பால் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும்" என்று எழுத்தர் அடித்துத் தருவார். இருபது வருடமாக அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்கித் தராத மகனுக்கு, நோட்டீஸ் வந்த வாரத்தில் தாய்ப்பாசம் பொங்குவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

இப்படி இனாமாக மாற்றப்பட்ட சொத்தின் மீதும் ஜீவனாம்சத்துக்காகக் கை வைக்கலாம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே 39-ஆவது பிரிவு இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கே நம்மவர்களின் தாய்ப்பாசம் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தானாக நடந்து வந்து கதவைத் தட்டாது. வில்லங்கச் சான்று எடுத்து, தனி மனு போட்டு, தடையுத்தரவு கேட்டு, அதற்கு வாய்தா வாங்கி அவள்தான் இழுத்து வர வேண்டும். கையில் பஸ்ஸுக்குக் காசில்லாமல்.

இனி, நீதிமன்றத்து மரத்தடியில் தினமும் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு வருவோம். "சார், சொத்துல பாதி எனக்கு வருமா?"

சினிமா பார்த்துக் கெட்டுப்போன கேள்வி இது. வெளிநாட்டுக் கோடீஸ்வரன் மனைவியைப் பிரிந்தான், பாதியை எழுதிக் கொடுத்தான் என்று செய்தி வருகிறதல்லவா, அதே சட்டம் இங்கும் இருப்பதாக நம் பெண்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களும் அப்படியே நம்பி, "கல்யாணம் பண்ணினா பாதி சொத்து போயிடும்டா" என்று டீக்கடையில் நடுங்குகிறார்கள். இரு தரப்பும் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தியாவில் கோவா நீங்கலாக எங்கும் அப்படி ஒரு சட்டம் கிடையாது. பத்திரத்தில் யார் பெயரோ சொத்து அவருக்கு. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருட்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. அதாவது குத்துவிளக்கு, கட்டில், பீரோ, யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பா கொடுத்த சுவர்க்கடிகாரம். அதற்குப் பிறகு இருபது வருடம் இருவரும் சேர்ந்து சம்பாதித்ததைப் பற்றிச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்கள் சட்டம், பதிவுத் திருமணத்துக்கு 1954-ஆம் ஆண்டின் சட்டம் என்று மதத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறோம். "பாதி கிடையாது" என்பதில் மட்டும் எல்லாச் சட்டங்களுக்கும் அப்படியொரு மதநல்லிணக்கம்.

மரத்தடிப் பேச்சு இப்படிப் போகும்.

"பத்திரம் யார் பேர்லம்மா இருக்கு?"

"அவர் பேர்ல சார்."

"லோன்?"

"ரெண்டு பேர் பேர்லயும். என் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினாத்தான் அவ்வளவு தருவோம்னு பேங்க்ல சொன்னாங்க."

"மாசத் தவணை யார் கட்டினது?"

"அவர் அக்கவுண்ட்ல பிடிச்சுப்பாங்க. மளிகை, கேஸ், கரண்டு, பசங்க ஃபீஸ், மாமியார் ஆபரேஷன் எல்லாம் என் சம்பளம் சார்."

"அதுக்கு ரசீது வச்சிருக்கியாம்மா?"

வக்கீலைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் சட்டம் கேட்கச் சொன்னதைக் கேட்கிறார். பன்னிரண்டு வருட மளிகை ரசீது! துவரம்பருப்பு அரைக் கிலோ, கடுகு நூறு கிராம், எலுமிச்சம்பழ சோப்பு இரண்டு. இவற்றை அவள் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்க வேண்டும், என்றைக்காவது நீதிபதி கேட்பார் என்று. அப்படி வைத்திருந்தாலும் என்ன? அவன் சம்பளம் சுவருக்குப் போனது. அவள் சம்பளம் வயிற்றுக்குப் போனது. சுவருக்குப் பட்டா உண்டு, வயிற்றுக்குக் கிடையாது. அவள் சோறு போடாமல் இருந்திருந்தால் அவன் தவணை கட்டியிருக்க முடியாது என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. அந்தக் கணக்கைச் சட்டப் புத்தகம் இன்னும் படிக்கவில்லை. தவணை நின்றுபோனால் மட்டும் வங்கிக்கு அவள் ஞாபகம் வரும். வீடு அவனுடையது, கடன் இருவருடையது. விவாகரத்து ஆகிவிட்டது என்று கடிதம் எழுதினால், "அது உங்கள் குடும்ப விஷயம்" என்று பதில் வரும்.

சம்பளமே வாங்காத வீட்டுப் பெண்ணின் கதை இன்னும் எளிது. அவள் கையெழுத்தே எங்கும் இல்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்கிறது. (அந்த 97 நிமிடத்தில் "காபி எங்கே" என்று கத்திய நேரமும் சேர்த்தியா என்பதை அறிக்கை தெளிவுபடுத்தவில்லை.) அரசாங்கமே எண்ணிப் பார்த்து எழுதி வைத்த உழைப்பு. எண்ணத் தெரிகிறது, கொடுக்கத்தான் தெரியவில்லை. தமிழ்நாட்டு அரசு 2023-இல் மாதம் 1,000 ரூபாயைப் பெண்கள் கணக்கில் போட்டு, அதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. கொடுத்த அரசின் மேல் நமக்குக் கோபமில்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்த அந்த உரிமை கட்டின புருஷனுக்குத் தெரியவில்லையே என்பதுதான்.

"அவரோட பூர்வீகச் சொத்துல?" இது அடுத்த கேள்வி. அவன் உயிரோடு இருக்கும்வரை அதில் மனைவிக்குப் பங்கு கேட்க வழியில்லை. பிள்ளைகளுக்கு உண்டு, பெண் பிள்ளைக்கும் உண்டு. 1989-இல் தமிழ்நாடு கொடுத்தது, 2005-இல் நாடு முழுவதும் வந்தது. அவன் உயில் எழுதாமல் செத்துப்போனால் மனைவி முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சமமாகப் பங்கு. ஆனால் விவாகரத்து ஆகியிருந்தால் அதுவும் போச்சு. ஆக, சட்டம் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தரும் யோசனையைச் சுருக்கிச் சொன்னால்: அடித்தாலும் பிரியாதே, காத்திரு, அவன் முதலில் போகட்டும். மாங்கல்ய பாக்கியத்துக்காக வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறவளிடம் இதைச் சொல்வதற்குச் சட்டத்துக்கு வெட்கமில்லை.

சொத்து இல்லை, ஜீவனாம்சம் உண்டே என்பார்கள். உண்டு. அதன் வரலாறே ஒரு காமெடி. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் தரக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. தங்கம் ஏறியது, பெட்ரோல் ஏறியது, எம்.எல்.ஏ. சம்பளம் ஏறியது. 500 மட்டும் 2001 வரை அசையவில்லை. இப்போது அந்தப் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 என்ற புது எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது, உச்சவரம்பு இல்லை. திடகாத்திரமான புருஷன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் திரும்பவும் சொன்னது. நிகர சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என்று 2017-இல் ஒரு வழக்கில் சொன்னது. 2020 நவம்பரில், இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன், வங்கிக் கணக்கு, பங்கு, வண்டி எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதித்தர வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று விரிவான நெறிமுறையே வகுத்துக் கொடுத்தது.

அருமையான தீர்ப்பு. அதைப் படித்துவிட்டு நம் ஏழைக் கணவர் என்ன செய்கிறார்? பிரமாணப் பத்திரத்தில் அசையாச் சொத்து என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதுகிறார். அசையும் சொத்து: ஒரு பழைய ஸ்கூட்டர். சேமிப்பு: 1,840 ரூபாய். கடன் என்ற இடத்துக்கு வந்ததும் அவருக்கு எழுதக் கை வருகிறது. அண்ணனிடம் 8 லட்சம், மாமாவிடம் 5 லட்சம், நண்பரிடம் கைமாற்று 3 லட்சம். சொந்தக்காரர்களிடம் இவ்வளவு கடன் கிடைக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், கல்யாணச் சீருக்காகத் தன் அப்பா கட்டிய வட்டியை நினைத்துக்கொள்கிறாள். பொய்ச் சத்தியம் தண்டனைக்குரிய குற்றம்தான். அதை நிரூபிக்க அவள் தனியாக மனுப் போட வேண்டும். அதற்கும் வாய்தா உண்டு.

உத்தரவு வந்த பிறகும் கட்டவில்லை என்றால்? கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை. பாக்கியை வசூலிக்க, பணம் சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவள் மனுப் போட வேண்டும். விட்டால் அந்த வழியில் வசூலிக்க முடியாது. பிடிவாரண்டோடு போலீஸ் போனால் ஆசாமி "ஊரில் இல்லை". வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்காட்டில் இருக்கிறார்.

நகை விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுடையது. புருஷனோ மாமியாரோ பத்திரமாக வைத்திருப்பவர்கள் மட்டுமே. கேட்டுத் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு ஒரு விதியும் போட்டது. கல்யாணத்தில் மணமகளுக்கு வந்த பரிசு, மணமகனுக்கு வந்த பரிசு என இரண்டு பட்டியல் எழுத வேண்டும். கொடுத்தவர் பெயர், உறவு, தோராய மதிப்பு குறிக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த விதி. நாற்பது வருடமாகிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எழுதினீர்களா?

ஏன் எழுதவில்லை? எழுதத் தெரியாத ஊரா இது? மண்டப வாசலில் மேசை போட்டு, பெரியப்பாவை உட்கார வைத்து, 51 ரூபாய் மொய் வைத்த எதிர்வீட்டு டெய்லர் பெயரைக்கூட இனிஷியலோடு எழுதுகிறோம். அந்த நோட்டை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறோம். பத்து வருடம் கழித்து டெய்லர் மகன் கல்யாணத்துக்குப் போகுமுன் புரட்டிப் பார்த்து 101 ஆக வைக்கிறோம். ஆனால் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்பில் ஏறிய 40 பவுனுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. "சம்பந்தி கிட்ட கணக்கெழுதிக் கையெழுத்துக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்பார் பெண்ணைப் பெற்றவர். மறு வாரம் நகை மாமியார் பீரோவுக்குப் போகும். அடுத்த வருடம் மைத்துனர் கடை வைக்க அடகுக் கடைக்குப் போகும். வழக்கு என்று வந்த அன்று, "அவளுக்கு அவங்க வீட்ல கவரிங்தான் போட்டாங்க" என்று மாமியார் கூசாமல் சாட்சி சொல்வார். கல்யாண ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது காசுமாலையா கவரிங்கா என்று குறுக்கு விசாரணை நடக்கும்.

பெண்கள் பொய் வழக்குப் போடுவதில்லையா என்று ஒரு குரல் இந்நேரம் எழுந்திருக்கும். போடுகிறார்கள். பொய்க்கு ஆண்பால் பெண்பால் இல்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லி அவள் அடையப்போவது மாதா மாதம் துரத்தி வாங்க வேண்டிய ஒரு தொகை. இவன் சொல்லும் பொய்க்குக் கிடைப்பது ஒரு முழு வீடு.

இருவரும் மனமொத்துப் பிரியலாமே என்றால், 1976-இல் இருந்து அதற்கும் வழி உண்டு. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனுப் போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பதைப் பாருங்கள். இனி ஒட்டவே ஒட்டாது என்ற நிலைக்கு வந்துவிட்ட கல்யாணத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே கலைக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-லேயே பரிந்துரைத்தது. இன்றுவரை சட்டமாகவில்லை. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு என்று 2023-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. உசிலம்பட்டிக்காரி டெல்லிவரை போக முடியாது. ஆகவே அவளுக்கு அவன் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அவன் விலை வைக்கிறான். ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் எழுதப்படுகிறது: "முதல் மனுதாரர் தன் முழுச் சம்மதத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, கடந்த, நிகழ், எதிர்கால ஜீவனாம்சத்தையும் சீதனப் பொருட்களையும் விட்டுக்கொடுக்கிறார்." யாருடைய வற்புறுத்தலும் இன்றி! ஆள் கடத்துகிறவன்கூடப் பணத்தை வாங்கிக்கொண்டு "யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தந்தார்" என்று எழுதி வாங்குவதில்லை.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகை தர்மம் கெட்டுவிடும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சவூதியில் வேலை பார்த்தவர் அனுப்பிய பணத்தில் ஊரில் மனைவி பெயரிலும் வாங்கிய சொத்துகள். திரும்பி வந்தவர், எல்லாம் என் பணம் என்று வழக்குப் போட்டார். வீட்டையும் பிள்ளைகளையும் அவள் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவளுக்கும் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பிறகு தேதியைப் பார்த்தேன். 1990-களில் தொடங்கிய வழக்கு. போட்டவர் நடுவிலேயே காலமாகிவிட்டார், பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள். அவளுக்குப் பாதி உண்டு என்று தெரிய அவளுடைய கிழப்பருவம் வரை ஆயிற்று. அதுவும் ஒரு வழக்கில் ஒரு தீர்ப்பு. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ எழுதிய சட்டம் அல்ல.

நாடாளுமன்றம் முயலாமல் இல்லை. பிரியும் மனைவிக்குக் கணவன் சொத்தில் பங்கு தரும் ஷரத்தோடு திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. குடும்ப அமைப்பே சிதறிவிடும் என்று ஆண்கள் சங்கங்கள் கூக்குரலிட்டன. மக்களவையில் அது நிறைவேறுவதற்குள் அவையின் ஆயுள் முடிந்து, மசோதாவும் கூடவே செத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ சட்டங்கள் ஒரே மதியத்தில் விவாதமின்றி நிறைவேறின. இதைத் தூசி தட்ட மட்டும் நேரமில்லை. கோவாவில் போர்த்துக்கீசியன் 1867-இல் எழுதிய சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கல்யாணமான நாளிலிருந்து சொத்து இருவருக்கும் பொது. ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் வீட்டை விற்க முடியாது. அங்கே குடும்ப அமைப்பு சிதறியதாகத் தகவல் இல்லை. நம் ஜோடிகளே தேனிலவுக்கு அங்கேதான் போகிறார்கள். முந்திரி வாங்கி வருகிறார்கள், சட்டத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்த மசோதாவைத் தூங்கவிட்ட கனவான்கள் மனைவிக்குச் சொத்தே தராதவர்கள் என்று நினைத்தால் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். தேர்தல் வந்ததும் அவர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் இருபது வருடத்துக்கு முன் கட்டாயமாக்கிய பத்திரம் அது. "சுயம்", "துணைவர்" என்று தனித்தனிப் பத்தி. சுயம் என்ற பத்தியில் ஒரு பழைய ஜீப், கொஞ்சம் ரொக்கம். துணைவர் பத்தியில் இரண்டு கிலோ தங்கம், வைரம், பண்ணை நிலம், வணிக வளாகம், மூன்று கம்பெனியில் பங்கு. தொழில் என்ற இடத்தில் அதே அம்மாள் "இல்லத்தரசி". வீட்டுவேலைக்கு விலையே இல்லை என்று சட்டம் சாதிக்கும் நாட்டில் இந்த அம்மாள்கள் மட்டும் அடுப்படியில் நின்றபடியே வணிக வளாகம் சேர்த்திருக்கிறார்கள். வருமான வரிக்காரர் வரும்போதும் அமலாக்கத் துறை வரும்போதும் சொத்து அவளுடையது. பாதி கொடு என்று மசோதா வரும்போது மட்டும் குடும்பம் சிதறிவிடும்.

அந்த அம்மாள்களில் யாராவது ஒருத்தி அடுத்த வேட்புமனு முடிந்த கையோடு, புருஷன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட அந்தப் பத்திரத்தின் நகலைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டு நேராகச் சார்பதிவாளர் அலுவலகம் போய், என் வணிக வளாகத்தை என் மகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுத வேண்டும் என்று டோக்கன் கேட்க வேண்டும். ஒரு விழுக்காடுதான் தீர்வை. அவளுக்கு வக்கீல் கட்டணம் நான் தருகிறேன்.